கிடார் குதிரையில் பச்சை நூல்

என் ஒன்பது வயது வரைக்கும் நான் செய்த திருட்டெல்லாம் தின்கிற சாமான் திருட்டுதான். வெல்லம், பொட்டுக்கடலை, கல்யாண வீட்டிலிருந்து அம்மா கொண்டுவந்து உறியில் பத்திரப்படுத்திய லட்டு. வயிற்றுக்குள் போய்விட்டால் சாட்சி கிடையாது. தின்ன முடியாத பொருளை நான் திருடியது ஒரே ஒரு தடவை. அது ஒரு சாண் நீளப் பச்சை நூல். அந்த லட்டுகளுக்கெல்லாம் படாத பாட்டை அந்த ஒரு சாண் நூலுக்குப் பட்டேன்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துக்குப் போகிற சாலையில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. சின்ன வயதில் பெரியம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கேசரி தின்று, பாட்டும் கேட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதாசி போடுகிறோம் என்று எழுந்து போனார்கள். ஒரு கார்டு வரவில்லை. மூன்றாவது கூட்டம் போன பிறகு, இனிமேல் யார் முன்னாலும் வந்து உட்கார மாட்டேன் என்று அத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து, எனக்கு ஐந்து. தெருப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, தன் அறையும் தன் தம்புராவுமாக இருந்துவிட்டாள். அந்த மூன்று கூட்டமும் தின்ற கேசரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா அம்மாவின் தம்பி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அங்கேயே ஒரு ரூமில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவார். முதுகில் பழைய போர்வையால் சுற்றிய எலெக்ட்ரிக் கிடார் தொங்கும். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு, போகும்போது மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனது. அக்கா கைச் சாப்பாட்டுக்காக வருகிறேன் என்று மாமா சொல்லிக்கொள்வார். உண்மையில் அவர் வந்தது அப்பாவின் ரேடியோவுக்காக என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பெரிய வால்வு ரேடியோவின் முதுகில் கிராமபோன் ஒயரைச் செருக இரண்டு துளைகள் உண்டு. கிடாரின் ஒயரை அதில் செருகினால் ரேடியோ மாமாவின் விரலுக்குப் பாடும்.

மாமாவும் அத்தையும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. கல்யாணமாகாத ஆண், கல்யாணமாகாத பெண், போதாததற்குச் சம்பந்தி வீட்டு உறவு. பேச வேண்டியது இருந்தால் என்னிடம் பேசுவார்கள். “பாப்பா, சத்தம் தொந்தரவா இருக்கான்னு அத்தையைக் கேளு” என்பார் மாமா, கூடத்தில் உட்கார்ந்துகொண்டு. “இல்லன்னு சொல்லு பாப்பா” என்பாள் அத்தை, ஆறடி தள்ளி அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து. இரண்டும் இரண்டு பேர் காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் நான் கூடத்துக்கும் கதவுக்குமாக நடந்து போய் ஒப்பித்தால்தான் அது பேச்சு என்று கணக்கு. இல்லை என்று சொல்லியனுப்பிய கையோடு அத்தை கதவைச் சாத்திக்கொள்வாள்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் கிடாருக்கு ஒரு வியாதி வந்தது. மூன்றாவது தந்தியைத் தட்டினால் சுரத்தோடு ஒட்டிக்கொண்டு ‘கிர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. மாமா வாசித்துக்கொண்டிருந்த மெல்லிசைக் குழுவின் தலைவர் பெரியகடை வீதியில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். எள் அளவு தப்பையும் விடமாட்டார். வியாழக்கிழமை தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன், அதற்குள் அந்த வண்டை வெளியே எடு, இல்லாவிட்டால் கிடார் இல்லாமலே நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை மாமா வரும்போதே முகம் வாடிப்போயிருந்தது. அம்மா வைத்த இட்லியை எண்ணாமல் தின்கிற மனிதர், இரண்டோடு கையைக் கழுவினார்.

கூடத்தில் ஸ்க்ரூடிரைவரும் குறடுமாக உட்கார்ந்துவிட்டார். தந்தியைத் தட்டுவது என் வேலை. அவர் இருக்கும்போது மட்டும்தான் அந்த உரிமை. அவர் இல்லாத நேரத்தில் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஒடிக்கமாட்டார் என்று தெரியும், ஆனாலும் பயந்தேன். நான் தட்டத் தட்ட, அவர் கிடாரின் ஒவ்வோர் இடமாக விரலால் அழுத்திக் கேட்டார். கழுத்தை அழுத்தினார், முறுக்காணியை அழுத்தினார், தந்தியையே புதிதாக மாற்றிப் பார்த்தார். கிர்ர்ர்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “பாப்பா, குதிரையைப் பாக்கச் சொல்லு. தந்தி சரியாத்தான் பேசுது. அதுக்குக் கீழதான் ஏதோ ஆடுது.”

தந்திகள் எல்லாம் ஏறி உட்காருகிற மேடைக்குத்தான் குதிரை என்று பெயர். தம்புராவில் அது ஒரு கட்டை. கிடாரில் இரும்பு. ஒவ்வொரு தந்திக்கும் விரல் நகம் அளவு ஒரு இரும்புத் துண்டு, அதை முன்னே பின்னே தள்ள ஒரு திருகாணி, திருகாணியைச் சுற்றி ஒரு பொடி ஸ்பிரிங். நான் ஒப்பிக்கும்வரை காத்திருந்துவிட்டு மாமா மூன்றாவது துண்டின்மேல் விரல் வைத்தார். இரைச்சல் நின்றது. விரலை எடுத்தார். திரும்ப வந்தது. “ஆமான்னு சொல்லு பாப்பா, அங்கதான்” என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஆச்சரியம் இருந்தது.

இடம் தெரிந்ததே தவிர மருந்து தெரியவில்லை. திருகாணியை முறுக்கினால் சுருதி ஓடிப்போயிற்று. ஸ்பிரிங்கின்மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார். நாலு தட்டுத் தட்டியதும் மெழுகு பொடிப்பொடியாக உதிர்ந்து, வண்டு பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. சைக்கிள் வால்வு டியூபை நறுக்கித் தந்திக்கு மாட்டிப் பார்த்தார். இரைச்சலோடு சேர்ந்து சுரமும் மூக்கடைத்துப் போயிற்று. சாப்பிடக் கூப்பிட்டபோது பனியன் முழுக்க வேர்வை. “போகுது விடுக்கா, எனக்குக் குடுத்து வெக்கல” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. தம்புரா இருக்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டுமே உதிக்கக்கூடிய யோசனை. தம்புராவின் குதிரையில் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு நூல் உண்டு. அதை ஓர் இழை அளவு நகர்த்தினால்தான் தந்தி ‘ங்ஙொய்ங்’ என்று ரீங்கரிக்கும். பாட்டுக் கற்க வருகிற பெண்களிடம் அத்தை அந்த நூலைக் காட்டி, இதுதான் தம்புராவுக்கு உசிரு என்பாள். நான் என் பங்குக்குக் கணக்குப் போட்டேன். தம்புராவும்தான் இரைகிறது, அதை யாராவது வியாதி என்கிறார்களா? நூல் இருப்பதால் அது சங்கீதம். கிடாருக்கு நூல் இல்லை, அதனால் வியாதி. நூலை வைத்துவிட்டால் வண்டு தம்புரா மாதிரி பாடத் தொடங்கிவிடும். இவ்வளவு சுலபமான விஷயம் ஃபிட்டர் வேலை பார்க்கிற மாமாவுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அடுக்களையில் அப்பாவும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பரிமாறினாள், அத்தை அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் அத்தை அறைக்குள் நழுவினேன். மற்றவர்கள் வீட்டில் தம்புராவுக்கு வெள்ளைப் பருத்தி நூல் போடுவார்கள். அத்தை தன் பழைய பட்டுப்புடவைக் கரையிலிருந்து கிளிப்பச்சை இழை உருவிப் போடுவாள். அது அவளுடைய ஒரே ஆடம்பரம். ஒரு தந்திக்கு அடியிலிருந்து அந்த நூலை உருவிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்து, கிடாரின் மூன்றாம் தந்தியைத் தூக்கப் பார்த்தேன். தம்புராத் தந்தி மாதிரி அது இணங்குமா? விரலை அறுத்தது. இரண்டாவது தரம் முயலும்போது அடுக்களையில் பலகை நகர்கிற சத்தம். மாமா எழுந்துவிட்டார். அவசரமாகத் தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, நூலைச் சுருட்டி, அந்த இரும்புத் துண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இருந்த சந்தில் குத்தித் திணித்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா வந்து உட்கார்ந்து, மனசில்லாமல் மூன்றாவது தந்தியைத் தட்டினார். இரைச்சல் இல்லை. இன்னொரு தட்டு. இல்லை. பலமாகத் தட்டினார். மணி அடித்த மாதிரி சுரம் எழும்பி, அப்படியே கரைந்து நின்றது. நான் நினைத்த மாதிரி அது தம்புராவாகப் பாடவில்லை, திணித்த நூல் ஸ்பிரிங்கை ஆடாமல் பிடித்துக்கொண்டுவிட்டது. அடுத்த அறையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அப்பாகூட எட்டிப் பார்த்தார். மாமா கிடாரை வெளிச்சத்துக்குத் திருப்பி, குதிரைமேல் குனிந்தார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, மாமா அந்தப் பச்சைத் துணுக்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அந்தப் பச்சை யாருடையது என்று அவருக்கும் தெரியும். குதிரையைப் பார் என்று சொல்லியனுப்பியவளும் அவள்தான். மெதுவாகத் தலையைத் தூக்கி அத்தையின் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “அத்தைகிட்ட சொல்லு பாப்பா, ரொம்ப நன்றின்னு” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அதை நான் எப்படிச் சொல்வேன்? எதற்கு நன்றி என்று அத்தை கேட்பாள். அறைக்குள் போய், “சத்தம் நின்னுபோச்சாம் அத்தை” என்று மட்டும் சொன்னேன். அப்பளம் பொரித்து முடித்து வந்திருந்த அத்தை தம்புராவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். “இங்க ஒரு நூலைக் காணோமே பாப்பா. யாராச்சும் உள்ள வந்தாங்களா?” என்றாள். “மாமா கை கழுவ இந்தப் பக்கமாத்தான் போனாங்க” என்றேன். அது பொய்யில்லை. அவள் அறையைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போக வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

ஒரு கரித்துண்டு காணாமல் போனால் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிற அத்தை, அன்றைக்குப் பேசாமல் பெட்டியைத் திறந்து பழைய புடவைக் கரையிலிருந்து இன்னோர் இழையை உருவினாள். உருவிக்கொண்டே சிரித்தாள். நூலைக் களவு கொடுத்தவள் எதற்காகச் சிரிக்க வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தப்பித்தேன் என்று விளையாடப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை ரிசப்ஷனில் வண்டு வரவில்லை. வாட்ச் கடைக்காரர் மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அடுத்த ஞாயிறு மாமா வரும்போது, மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதியில் வாங்கிய காகிதப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தார். “அத்தைகிட்ட குடு. ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றார். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றதில் எனக்குப் போன உயிர் திரும்பிவந்தது. அத்தை பிரித்தாள். ஏழு நிறத்தில் ஏழு பட்டுநூல் கண்டு. “ஒரு இழை எடுத்ததுக்கு ஏழு கண்டா?” என்று முணுமுணுத்தாள். அங்கே அவர் நன்றி சொல்கிறார், இங்கே இவள் அபராதம் வாங்கிக்கொள்கிறாள். நடுவில் நான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

அந்த ஞாயிறு முதல் அத்தை கதவைச் சாத்தவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, மாமா தந்திகளைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து தம்புரா அதே சுருதியில் மெல்ல இரைய ஆரம்பித்தது. மாமாவின் கை ஒரு நொடி நின்றுவிட்டு மறுபடி தொடர்ந்தது. அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக நிலைப்படிக்கு வந்து, அறையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரிந்ததுதான், ஆனால் வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் பேசினாள். அடுத்த வாரம் அப்பா மாமாவிடம் கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்குச் சம்மதம் அத்தான்” என்றார். அத்தைதான் சம்மதம் என்று சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் பேசியதை நான் சுவரோரம் நின்று கேட்டேன். “அக்கா பேச்சைத் தட்ட முடியாம தலையாட்டுறாரா, இல்ல பாவம்னு வர்றாரா, எனக்குத் தெரியணும் அண்ணி. பாவம்னு யாரும் எனக்கு வேணாம். அதுக்கு முன்னாடியே அவர் மனசுல ஏதோ இருந்துச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன். அது நெசந்தானான்னு நானே நேர்ல கேக்கணும்.”

நானே நேரில் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை, அது மட்டும் ஏறியது. இரண்டு பேரும் நேரில் பேசினால் முதல் பேச்சே நூலாகத்தான் இருக்கும். நீங்கள்தானே எடுத்தீர்கள் என்பாள் இவள். நீங்கள்தானே வைத்தீர்கள் என்பார் அவர். அப்புறம் இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். கை ஒடிவது ஒரு பக்கம், அத்தை என்னோடு பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு முக்கொம்புக்குப் போவது, அங்கே இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும் என்று அப்பா முடிவு செய்தார். காலையில் நான் வயிற்றுவலி என்று படுத்துப் பார்த்தேன். அம்மா ஓமத் தண்ணீரைப் புகட்டி எழுப்பிவிட்டாள். முக்கொம்பில் புது வெள்ளம் மதகுகளில் இரைந்துகொண்டிருந்தது. கரை நெடுகப் பெண்கள் காப்பரிசி, காதோலை கருகமணி, கையில் மஞ்சள் நூல். அன்றைக்கென்று பார்த்து ஊரே நூலும் கையுமாக அலைந்தது. அத்தை என் மணிக்கட்டில் ஒரு நூலைக் கட்டியபோது நான் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

அப்பாவும் அம்மாவும் ஒரு புளியமரத்தடியில் ஜமக்காளம் விரித்தார்கள். அங்கிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், மதகுப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரோரம் மாமா போய் நின்றார். அத்தை எழுந்தாள். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

“என்ன கேக்கணும்னு என்கிட்ட சொல்லுங்க அத்தை, நான் போய்ச் சொல்றேன்” என்றேன்.

அத்தை என் கன்னத்தைத் தொட்டு, “இது நீ சொல்லி முடியாது பாப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் பேசுவதைத் தண்ணீர் இரைச்சலில் நான் பார்க்கத்தான் முடிந்தது. அத்தை ஏதோ கேட்டாள். மாமா விழித்தார். அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். அத்தை இல்லை என்று தலையசைத்தாள். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. அத்தையின் முகம் சட்டென்று சின்னதாகிப்போனது. மூன்றாவது கூட்டம் எழுந்துபோன அன்றைக்கு இருந்த அதே முகம். மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார்.

அவர்கள் பேசியது என்ன என்பதை, என் கல்யாணத்துக்கு முதல் நாள் நான் அழுதுகொண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்னைக்கு ஏன் நூலை எடுத்தீங்க என்று அவள் கேட்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லையே, நீங்கள்தானே வைத்தீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆக, இத்தனை நாள் இரண்டு பேரும் எதை நம்பி மனசை வளர்த்துக்கொண்டார்களோ அது இரண்டு பேருமே செய்யாதது. அத்தை திரும்பி நடக்கக் காலெடுத்துவிட்டாளாம். அப்போது மாமா முதல் தடவையாக நேராக அவளைப் பார்த்து, “நூல் நீங்க வெக்கலன்னா போகட்டும். நான் மூணு வருஷமா கிடாரைத் தூக்கிட்டு எதுக்கு ஸ்ரீரங்கம் வர்றேன்? பொன்மலையில ரேடியோ இல்லையா?” என்று கேட்டாராம்.

அதன் பிறகு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அத்தை முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் திரும்பி, நேராக என்னைப் பார்த்தார்கள்.

போச்சு, மாட்டிக்கொண்டேன். ஓவென்று அழுதுவிட்டேன். மாமா ஓடிவந்தார், பின்னாலேயே அத்தை. “என்னாச்சு பாப்பா? ஏன் அழுவுற?” என்றாள் அத்தை. வாயில் வந்ததைச் சொன்னேன். “கால்ல முள்ளு குத்திடுச்சு.”

மாமா மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து, என் பாதத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். கிடார் குதிரையைப் பார்த்த அதே முகத்தோடு பார்த்தார். அத்தை எதிரில் உட்கார்ந்து என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தலையும் ஒரு முள்கூட இல்லாத என் காலுக்குமேல் குனிந்திருந்தன. “இதோ, இங்க பாருங்க” என்றாள் அத்தை. யார் வழியாகவும் இல்லாமல், அவரிடமே சொன்னாள். மாமா நகத்தால் எதையோ கிள்ளி, “எடுத்துட்டேன்” என்று தண்ணீர்ப் பக்கம் வீசினார். அவர் விரல் நடுவே ஒன்றுமில்லை என்பதை நான் நன்றாகப் பார்த்தேன்.

அடுத்த தையில் அவர்களுக்குக் கல்யாணம். மாமாவின் மனைவியும் எங்கள் வழக்கத்தில் அத்தைதான் என்பதால் நான் கூப்பிடுகிற பேரைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு முக்கொம்பில் எனக்கு அதெல்லாம் தெரியாது. இல்லாத முள்ளை இருக்கிறது என்று நம்பி எடுத்துப் போடுகிற அளவுக்கு இந்தப் பெரியவர்கள் அசடுகளாக இருக்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டு பேரையும் சரியாக ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில், அழுகையைத் துடைத்துக்கொண்டு போய், அம்மாவிடம் தேங்காய்ச் சாதம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.